அனகோண்டா படத்துல எது தப்பு, எது நிஜம்: 40 அடி கணக்கும் மேல ஏறுற அருவியும்

2024 பிப்ரவரியில "உலகத்துலயே பெரிய பாம்பு, புது வகை அனகோண்டா கண்டுபிடிச்சாச்சு"ன்னு செய்தி வந்துச்சு, அதுல இருந்து பழைய குழப்பம் எல்லாம் திரும்ப கிளம்பிருச்சு. பாம்பு 40 அடி வளருமா, மனுஷன முழுங்குமா, முழுங்குனத துப்பிட்டு அடுத்த ஆள துரத்துமான்னு கேக்குறாங்க. இந்த கேள்வி எல்லாம் எங்கருந்து வருதுன்னு தேடிப் போனா முக்காவாசி ஒரே இடத்துல போய் நிக்குது, 1997ல வந்த அனகோண்டா படம். தியேட்டர்ல, அப்புறம் டிவில தமிழ் டப்பிங்ல திரும்பத் திரும்பப் போட்டதுல, அந்த ஒரு படம்தான் ஒரு தலைமுறைக்கே பாம்பு பாடமா ஆயிருச்சு.

பேய்ப் படத்துல, மிருகப் படத்துல தப்பு இருக்கத்தான் செய்யும், அதுல என்ன இருக்குன்னு சொல்றவங்க உண்டு. ஆனா எல்லா தப்பும் ஒரே வகை இல்ல. மூணா பிரிச்சுப் பாத்தா விஷயம் தெளிவாயிரும்.

1. ஷூட்டிங்லயும் எடிட்டிங்லயும் நடக்குற தப்பு. யாருக்கும் தெரியாம நழுவி படத்துக்குள்ள வந்துடும், இதனால யாருக்கும் கெடுதல் இல்ல.
2. பயமுறுத்துறதுக்காக தெரிஞ்சே கூட்டிச் சொல்றது. பாம்பு கத்துறது, பறந்து புடிக்கிறது எல்லாம் இதுல சேரும்.
3. பொய்ய, உண்மைத் தகவல்ங்குற தோரணையில சொல்றது. அனகோண்டா படத்தோட பெரிய பிரச்சனை இதுதான், ஆனா இத பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல.

படம் சுருக்கமா

பெருவுல பிறந்த லூயிஸ் லோசா டைரக்ட் பண்ணது. ஜெனிஃபர் லோபஸ், ஐஸ் க்யூப், ஜான் வாய்ட் நடிச்சிருப்பாங்க. அமேசான் காட்டுல ஒரு பழங்குடிய தேடி ஆவணப்படம் எடுக்கப் போற குழு, வழியில ஒரு பாம்பு வேட்டைக்காரன படகுல ஏத்திக்கிறாங்க, அவன் இவங்கள பெரிய அனகோண்டா புடிக்கிற வேலைக்கு இழுத்துட்டுப் போறான், பாம்பு ஒவ்வொருத்தரா முடிக்குது. இவங்க தேடிப் போற ஷிரிஷாமாங்குற பழங்குடியே கற்பனைதான். பாம்பு பாதி நிஜமான இயந்திர பொம்மை, வால்ட் கான்டியோட குழு செஞ்சது, மீதி கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்.

மேல ஏறுற அருவி

முதல் வகை தப்புக்கு உலகம் பூரா உதாரணம் காட்டுறது இந்த படத்துல வர்ற ஒரு ஷாட்டத்தான். படகு நகருது, பின்னாடி அருவி இருக்கு, அந்த அருவியில தண்ணி கீழ இருந்து மேல போகுது. ஒரு தடவ கவனிச்சுட்டீங்கன்னா அப்புறம் அந்த இடத்துல வேற எதுவும் கண்ணுல படாது.

ஏன் இப்படி ஆச்சுன்னா, எடுத்து வெச்ச ஷாட்ட தலைகீழா ஓட்டிட்டாங்க. படகு ஒரு பக்கமா போற மாதிரி எடுத்தது கையில இருக்கு, கதைக்கு எதிர் பக்கமா போகணும், திரும்பப் போய் படகு, ஆளுங்க, கேமரான்னு எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணி எடுக்குறது பெரிய செலவு, அதனால எடிட்டிங்ல ஷாட்ட பின்னோக்கி ஓட விட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது சினிமாவுல சகஜம். இது எடுபடணும்னா ஷாட்டுக்குள்ள ஒரே திசையில மட்டும் நடக்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. புகை, விழுற இலை, நடக்குற ஆளு, கொட்டுற தண்ணி இதுல எது இருந்தாலும் காட்டிக் குடுத்துரும். பாக்குறவன் கண்ணு படகு மேல இருக்கும், பின்னணிய யாரு கவனிக்கப் போறான்னு விட்டிருப்பாங்க போல.

கொஞ்சம் காட்சிகள பிரேசில்லயும், கொஞ்சத்த கலிஃபோர்னியாவுல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு தாவரவியல் பூங்காவுலயும் எடுத்தாங்க. ரெண்டையும் ஒட்டுற இடத்துல செடி கொடி மாறுறது, வெளிச்சம் மாறுறது எல்லாம் இருக்கும், கண்டுக்காம விட்டுறலாம்.

ஆரம்பத்துல வர்ற அந்த எழுத்து

படம் தொடங்கும்போது கருப்புத் திரையில எழுத்து வரும். அமேசான் பழங்குடிகள் ராட்சத அனகோண்டாவ பத்தி காலங்காலமா கதை சொல்றாங்க, சிலர் கும்பிடக்கூட செய்றாங்கன்னு ஆரம்பிக்கும். அப்புறம் மூணு விஷயத்த அடிச்சு சொல்லும்.

1. உலகத்துல உள்ள ரொம்ப மூர்க்கமான உயிர்கள்ல அனகோண்டாவும் ஒண்ணு.
2. சில சமயம் 40 அடி வரைக்கும் வளரும்.
3. மத்த பாம்பு மாதிரி இல்லாம, ஒண்ண சாப்ட்டும் திருப்தி ஆகாம, முழுங்குனத வெளிய துப்பிட்டு அடுத்தத கொன்னு சாப்பிடும்.

மூணும் தப்பு. படத்துக்குள்ள ஒரு கேரக்டர் இத சொல்லியிருந்தா அது அவன் சொல்ற கதைன்னு விட்டுறலாம், ஏன்னா அந்த வேட்டைக்காரன் எப்படியும் நம்பத்தகாத ஆளு. ஆனா கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, யாரு சொல்றாங்கன்னே இல்லாம வர்ற எழுத்த ஜனங்க ஆவணப்படத்துல வர்ற குறிப்பு மாதிரிதான் படிப்பாங்க. அறிவியல் புத்தகத்துல இருந்து எடுத்துப் போட்டதுன்னு நம்பிருவாங்க. எனக்கு அருவி மேல ஏறுனது ஒரு விஷயமே இல்ல, இந்த மூணு வரிதான் உறுத்துது. ஒண்ணொண்ணா பாப்போம்.

நிஜத்துல எவ்வளவு நீளம்

பச்சை அனகோண்டாதான் உலகத்துல இப்ப இருக்குற பாம்புகள்லயே எடை அதிகமானது. ஆனா நீளத்துல அது முதல் இல்ல, தென்கிழக்கு ஆசியாவுல இருக்குற வலைவரி மலைப்பாம்புதான் நீளத்துல முதல். எடையும் நீளமும் வேற வேற சாதனைங்குறது செய்திகள்ல எப்பவும் கலந்து போகுது, "மிகப்பெரிய பாம்பு"ன்னு படிச்சா எடைய சொல்றாங்களா நீளத்த சொல்றாங்களான்னு முதல்ல பாக்கணும்.

வெனிசுவேலாவோட யானோஸ் சமவெளியில ஹெசுஸ் ரிவாஸ்ங்குற ஆய்வாளரும் அவர் குழுவும் பல வருஷம், வெறுங்கால்ல சேத்துத் தண்ணியில நடந்து, காலால தடவியே பாம்ப தேடி, நூத்துக்கணக்கான அனகோண்டாவ புடிச்சு அளந்தாங்க. அதுல பெருசு ஒரு பெண் பாம்பு, சுமார் 5.2 மீட்டர், அதாவது 17 அடி, எடை 97 கிலோவுக்கு மேல. இத விட பெருசு இருக்கவே இருக்காதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இருபது அடிய ஒட்டி இருக்க வாய்ப்பு உண்டு. ஆனா 40 அடிங்குறது அந்த 17 அடியப் போல ரெண்டு மடங்குக்கும் மேல.

இன்னொரு சாட்சியும் இருக்கு. அமெரிக்க அதிபரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் காலத்துல 30 அடிக்கு மேல உயிரோட ஒரு பாம்ப கொண்டு வந்தா ஆயிரம் டாலர் பரிசுன்னு ஆரம்பிச்சது, நியூயார்க் விலங்கியல் சங்கம் அத கொஞ்சம் கொஞ்சமா கூட்டி 50,000 டாலர் வரைக்கும் கொண்டு போச்சு. பல பத்து வருஷம் அந்த பரிசு இருந்தும் ஒருத்தர்கூட வாங்கல. வறுமைப்பட்ட ஆத்தங்கரை ஊர்கள்ல அது வாழ்க்கைய மாத்துற பணம், அப்படி ஒரு பாம்பு நடமாடியிருந்தா யாராவது ஒருத்தர் கொண்டு வந்திருப்பாங்க.

அப்ப 40 அடி, 60 அடின்னு கதை எப்படி வந்துச்சு? 1907ல பெர்சி ஃபாசெட்ங்குற பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி 62 அடி அனகோண்டாவ சுட்டதா எழுதி வெச்சாரு, ஆதாரம் ஒண்ணும் இல்ல. அது போக அளக்குறதுலயே மூணு கோளாறு இருக்கு.

1. பாம்பு உரிச்ச சட்டை பாம்ப விட நீளமா இருக்கும். கால்ல இருந்து காலுறைய உருவுற மாதிரி உள்ள வெளியா புரண்டு கழண்டு வரும்போது செதிலுக்கு நடுவுல மடிஞ்சிருந்த தோல் எல்லாம் விரிஞ்சு இழுபடும்.
2. செத்த பாம்போட தோல உரிச்சு ஆணி அடிச்சு காய வைக்கும்போது இழுக்க இழுக்க வரும். அப்படி நீட்டுன தோல அளந்து சொன்ன கணக்குதான் பழைய புத்தகங்கள்ல நிறைய.
3. உயிரோட இருக்குற பெரிய பாம்பு நேரா படுத்துக் குடுக்காது, அதோட தசை சுருங்கி விரியும், அஞ்சு பேரு புடிச்சு இழுத்தா ஒரு அளவு, விட்டா வேற அளவு.

40 அடி பாம்பு பூமியில இருந்ததே இல்லையான்னா, இருந்துச்சு. கொலம்பியாவுல செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்துல கிடைச்ச புதைபடிவத்த வெச்சு 2009ல டைட்டனோபோவான்னு ஒரு பாம்ப அறிவிச்சாங்க. சுமார் 13 மீட்டர், 42 அடி கிட்ட, எடை ஒரு டன்னுக்கு மேலன்னு கணக்கு போட்டாங்க. ஆனா அது 5.8 கோடியில இருந்து 6 கோடி வருஷத்துக்கு முன்னாடி. பாம்புக்கு உடம்பு சூடு வெளிய இருந்துதான் வரணும், அதனால உடம்பு எவ்வளவு பெருசாகலாம்ங்குறது அந்த இடத்தோட வெப்பநிலையையும் பொறுத்தது. அவ்வளவு பெரிய பாம்பு வாழணும்னா வருஷ சராசரியே 30ல இருந்து 34 டிகிரி இருந்திருக்கணும்னு அதே ஆய்வு சொல்லுது. குஜராத்துல கட்ச் பக்கம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல கிடைச்ச எலும்புகள வெச்சு 2024ல ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் அறிவிச்ச வாசுகி இண்டிகஸும் 11ல இருந்து 15 மீட்டர் இருக்கலாம்ங்குறாங்க, அதுவும் 4.7 கோடி வருஷப் பழசு. படத்துல வர்ற அளவு பாம்புக்கு நிஜத்துல இடம் இருந்தது இந்தக் காலத்துலதான், படகுல போற மனுஷன் அப்ப இல்ல.

துப்பிட்டு அடுத்தத சாப்பிடுமா

இதுதான் மூணுலயும் மோசமான பொய், ஏன்னா பாம்போட உடம்பு வேலை செய்ற முறைக்கே நேர் எதிரா இருக்கு.

பாம்பு இரைய கக்கும், அது உண்மை. பெரிய இரைய முழுங்கிட்டு நகர முடியாம கிடக்கும்போது யாராவது தொந்தரவு பண்ணா, வயித்துல இருக்குறத வெளிய தள்ளிட்டு தப்பிச்சு ஓடும். குளிர் அதிகமானா செரிக்காமலும் கக்கும். அதாவது பயத்துலயும் உடம்பு முடியாமலும் நடக்குற விஷயம். படம் அத எடுத்து பேராசையா மாத்திருச்சு.

முழுங்குன சாப்பாட்ட செரிக்குறது பாம்புக்கு எவ்வளவு பெரிய வேலைன்னு தெரிஞ்சா இது புரியும். அனகோண்டா மாதிரியே பெரிய இரைய எப்பயாவது சாப்பிடுற பர்மிய மலைப்பாம்ப வெச்சு இத நல்லா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பெரிய இரைக்கு அப்புறம் அதோட உடம்பு சக்தி எரிக்கிற வேகம் சும்மா கிடந்தப்ப இருந்தத விட நாப்பது மடங்கு வரைக்கும் ஏறும். குடல் தடிக்கும், கல்லீரல் பெருக்கும், இதயமே ரெண்டு மூணு நாளுக்குள்ள நாப்பது சதவீதம் பெருசாகும், செரிச்சு முடிச்சதும் எல்லாம் பழைய அளவுக்கு சுருங்கும். இவ்வளவு முதலீடு போட்டு ஆரம்பிச்ச வேலைய பாதியில கொட்டிட்டு புது இரைய தேடிப் போற பாம்பு பொழைக்கவே முடியாது. ஒரு பெரிய இரை கிடைச்சா அதுக்கப்புறம் வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல சாப்பிடாமலே இருக்கும். படத்துல ஒரே பயணத்துல ஆளு மேல ஆளா முழுங்குது, அது நடக்குற காரியமே இல்ல.

படத்தோட கடைசியில வேட்டைக்காரன முழுங்கிட்டு வெளிய கக்கும், அவன் அந்த நிலைமையிலயும் கண்ணடிப்பான். அனகோண்டா சும்மா முழுங்காது, முதல்ல கொன்னு, அசைவு நின்னுச்சான்னு பாத்துட்டுதான் முழுங்க ஆரம்பிக்கும், உள்ள காத்தும் இல்ல. கண்ணடிக்குற ஆளு அந்த வயித்துல இருந்து வரமாட்டான்.

எலும்ப நொறுக்கித்தான் கொல்லுமா

அந்த வேட்டைக்காரன் ஒரு இடத்துல பாம்பு இறுக்குறத வர்ணிப்பான், எலும்பு உடையுற சத்தம் நம்ம காதுலயே கேக்கும், அப்புறம் ரத்தக்குழாய் வெடிக்கும்னு. கேக்க நல்லா இருக்கும், கொல்ற விதம் அது இல்ல. பல வருஷமா அறிவியல் புத்தகங்களும் ஒரு தப்ப சொல்லிட்டு இருந்துச்சு, மூச்சு முட்டித்தான் இரை சாகுதுன்னு.

2015ல அமெரிக்காவுல ஸ்காட் போபேக் குழு இத நேரா அளந்தாங்க. மயக்க மருந்து குடுத்த எலிக்கு ரத்தக்குழாய்ல அழுத்தம் அளக்குற கருவிய பொருத்தி, அனகோண்டா குடும்பத்த சேந்த போவாங்குற பாம்புக்கு குடுத்தாங்க. இறுக்க ஆரம்பிச்ச சில விநாடியிலயே இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு போற தமனியில ரத்த அழுத்தம் பாதியா விழுந்துச்சு, இதயத்துக்கு திரும்பக் கொண்டு வர்ற சிரையில ஏறுச்சு, இதயத்தால ரத்தத்த தள்ள முடியல. மூளைக்கு ரத்தம் நிக்குது, நினைவு போகுது, இதயம் நிக்குது. மூச்சு முட்டி சாகுறதுக்கு நிமிஷக்கணக்குல ஆகும், இது அத விட ரொம்ப வேகம்.

அதே குழு 2012ல செஞ்ச இன்னொரு சோதனை இன்னும் அருமையானது. செத்த எலிக்குள்ள தண்ணி அடிச்சு துடிக்கிற செயற்கை இதயம் ஒண்ண வெச்சாங்க, எலி உடம்ப சூடாக்கி பாம்புக்கு குடுத்தாங்க. இதயம் துடிக்கிற எலிய பாம்பு ரொம்ப நேரம், அப்பப்ப பிடிய மாத்தி மாத்தி இறுக்குச்சு. துடிப்ப பாதியில நிறுத்துனா கொஞ்ச நேரத்துல தளத்திருச்சு. துடிப்பே இல்லாத எலிய சீக்கிரமே விட்டுருச்சு. அதாவது இரையோட நெஞ்சுத் துடிப்ப பாம்பு தன் உடம்பால உணர்ந்துதான் எப்ப நிறுத்தணும்னு முடிவு பண்ணுது. எலும்பு நொறுங்குற சத்தத்த விட இது எவ்வளவோ பயமுறுத்துற விஷயம், படம் எடுத்தப்ப யாருக்கும் இது தெரியாதுங்குறதும் உண்மைதான்.

கத்துறது, பறக்குறது, கூட்டுல குட்டி

ரெண்டாவது வகை தப்புகள வேகமா பாத்துரலாம், இதுல படத்து மேல பெரிய கோவம் இல்ல.

1. பாம்பு கத்தாது. அதுக்கு குரல்நாண் கிடையாது, மூச்சுக்குழாய் வழியா காத்த வேகமா தள்ளி சீறத்தான் முடியும். படத்துல சிறுத்தை மாதிரி கத்துது.
2. அருவியில இருந்து குதிக்கிற ஆள பாம்பு அந்தரத்துல வெச்சு புடிக்கும். 90 கிலோ பாம்புக்கே தண்ணிக்கு வெளிய தன் உடம்ப தூக்குறது பாரம், தரையில மெதுவாத்தான் நகரும். தண்ணியிலதான் அதுக்கு சுறுசுறுப்பு, அதனாலதான் கண்ணும் மூக்கும் தலைக்கு மேல் பக்கமா இருக்கு, உடம்ப முழுக்க முக்கிட்டு காத்திருக்கலாம். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பாம்புக்கு எடை இல்லாததால படத்துல அது சாட்டை மாதிரி சுத்துது.
3. முழுங்குன ஆளோட முகம் பாம்பு வயித்துக்கு வெளிய அச்சு அசலா தெரியும். பாம்போட தசையும் விலா எலும்பும் அவ்வளவு மெல்லிசு இல்ல. இரை இருக்குற இடம் புடைச்சுத் தெரியும், அவ்வளவுதான்.
4. பாம்பு தாடைய கழட்டிக்கும்ங்குற நம்பிக்கை இந்த படத்துக்கு முன்னாடியே உண்டு. தாடை கழண்டுக்காது. கீழ்த்தாடை ரெண்டு பாதியும் முன்னாடி எலும்பால ஒட்டாம இழுபடுற தசைநாரால மட்டும் சேந்திருக்கு, அதனால வலது இடதுன்னு மாத்தி மாத்தி இரைய உள்ள இழுக்கும்.
5. படத்துல ஒரு கட்டிடத்துக்குள்ள கூடு மாதிரி ஒரு இடத்துல புதுக் குட்டிங்க கூட்டமா இருக்கும். அனகோண்டா முட்டை இடாது, குட்டி போடும், ஒரு தடவைக்கு பெரும்பாலும் இருபதுல இருந்து நாப்பது. பிறந்த நிமிஷத்துல இருந்து குட்டி தனியா போயிரும், தாய் கூடு வெச்சு காக்குற பழக்கம் இல்ல.

இன்னொரு பக்கம், நிஜத்துல இருக்குற விசித்திரத்த படம் தொடவே இல்ல. இனப்பெருக்க காலத்துல ஒரு பெரிய பெண் பாம்ப சுத்தி பத்து பன்னெண்டு ஆண் பாம்பு வரைக்கும் பின்னிக்கிட்டு வாரக்கணக்குல உருண்டையா கிடக்கும், ஆண் ரொம்ப சின்னது, சில சமயம் பெண் பாம்பு அந்த ஆண்ல ஒண்ண சாப்பிட்டும் விடும். இத எடுத்திருந்தா தகவலும் சரியா இருந்திருக்கும், படம் இன்னும் பயங்கரமா இருந்திருக்கும்.

மனுஷன சாப்பிடுமா

நேரா பதில்: அனகோண்டா மனுஷன முழுங்குனதுக்கு உறுதியான ஆதாரம் உள்ள சம்பவம் ஒண்ணும் இல்ல. ரிவாஸ் குழுவுல வேலை செஞ்சவங்கள ரெண்டு தடவ இரை மாதிரி நினைச்சு தாக்குனத அவரே ஆய்வுக் கட்டுரையா எழுதியிருக்காரு, அதனால வாய்ப்பே இல்லன்னு சொல்ல முடியாது.

மனுஷன முழுங்குனது பதிவான பாம்பு வலைவரி மலைப்பாம்பு. இந்தோனேசியாவுல சுலவேசி பக்கம் 2017லயும் 2018லயும் அப்படி நடந்தது உறுதியாயிருக்கு. பிலிப்பைன்ஸ்ல காட்டுல வாழ்ந்த அக்தா மக்களோட பல பத்து வருஷம் இருந்த தாமஸ் ஹெட்லேண்ட், பாம்பு ஆய்வாளர் ஹாரி கிரீனோட சேந்து 2011ல வெளியிட்ட கணக்குப்படி, பேட்டி குடுத்த பெரிய ஆண்கள்ல கால்வாசிப் பேரு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இந்த பாம்புகிட்ட மாட்டியிருக்காங்க. அக்தா மக்கள் உருவத்துல சின்னவங்க, அடர்ந்த காட்டுல வேட்டையாடி வாழ்ந்தவங்க. பாம்புக்கு நம்ம தோள்பட்டை அகலம் பெரிய தடை, அதனால ஆளோட அளவு இதுல முக்கியம். ஆக, பயப்படுறதுக்கு காரணம் உள்ள பாம்பு ஆசியாவுல இருக்கு, படம் பேரு கெடுத்தது தென் அமெரிக்கப் பாம்ப.

2004ல வந்த ரெண்டாவது அனகோண்டா படம் இந்த ரெண்டையும் இன்னும் குழப்பிருச்சு. கதை நடக்குறது போர்னியோவுல. அனகோண்டா தென் அமெரிக்காவுல மட்டும்தான் உண்டு, போர்னியோ காட்டுல ஒண்ணுகூட கிடையாது. அங்க இருக்குறது அந்த வலைவரி மலைப்பாம்புதான், அத வெச்சே எடுத்திருந்தா ஊரும் பாம்பும் பொருந்தியிருக்கும். அந்த படத்த எடுத்தது போர்னியோவுலயும் இல்ல, ஃபிஜியில.

2024 செய்தி என்ன சொல்லுச்சு

இப்ப முதல்ல சொன்ன செய்திக்கு வருவோம். ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல இருக்குற பிரையன் ஃப்ரை குழு, ஈக்வடார்ல வாவ்ரானிங்குற பழங்குடி மக்களோட நிலத்துல அவங்களோட சேந்து பாம்புகள புடிச்சு மரபணு பாத்தாங்க. வடக்குல உள்ள பச்சை அனகோண்டாவும் தெக்குல உள்ளதும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் மரபணுல 5.5 சதவீதம் வேற, அதனால தனி இனம்னு சொன்னாங்க.

1. "புதுசா கண்டுபிடிச்சது"ன்னா இது வரைக்கும் யாரும் பாக்காத பாம்புன்னு அர்த்தம் இல்ல. தெரிஞ்ச பாம்ப ரெண்டா பிரிச்சாங்க.
2. குழு பாத்ததுல பெருசு 6.3 மீட்டர். 7.5 மீட்டர், 500 கிலோங்குறது வாவ்ரானி மக்கள் சொன்னது, அளந்தது இல்ல. செய்தியில ரெண்டும் ஒரே வரியில கலந்துருச்சு.
3. மனுஷனுக்கும் சிம்பன்சிக்கும் 2 சதவீதம்தான் வித்தியாசம், இதுக்கு 5.5னு ஒப்பிட்டு எழுதுனாங்க. 5.5ங்குறது செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியாங்குற பகுதியில உள்ள மரபணுவ வெச்சு வந்த கணக்கு, சிம்பன்சி கணக்கு முழு மரபணுத் தொகுதிய வெச்சு வந்தது. மைட்டோகாண்ட்ரியா மரபணு வேகமா மாறக்கூடியது, ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாக்கவே கூடாது.
4. புது இனத்துக்கு வெச்ச பேரு செல்லுமா, ஏற்கனவே இருக்குற பழைய பேர்தான் செல்லுமான்னு ஆய்வாளர்களுக்குள்ளயே சண்டை வந்துச்சு. பேரு சண்டைய பாம்பு இருக்கா இல்லையாங்குற சண்டையா சிலர் பரப்பிட்டாங்க.

இந்த செய்தியோட சுத்துற படங்கள்ல இன்னொரு தந்திரம் உண்டு. பாம்ப கேமராவுக்கு கிட்ட நீட்டி, ஆள நாலடி பின்னாடி நிக்க வெச்சா 12 அடி பாம்பு 25 அடி மாதிரி தெரியும். ஆளோட கைய பாருங்க, பாம்ப தொட்டுட்டு இருக்குற கை முகத்த விட ரொம்ப பெருசா தெரிஞ்சா அது இந்த வேலைதான்.

நம்ம பக்கம் இதுல என்ன

இந்தியாவுல காட்டுல அனகோண்டா கிடையாது. மைசூரு, திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைகள்ல இருக்கு. திருவனந்தபுரத்துக்கு 2014ல இலங்கையோட தெஹிவளை மிருகக்காட்சி சாலையில இருந்து வந்துச்சு. வாய்க்கால்லயோ வயக்காட்டுலயோ பெரிய பாம்ப பாத்து "அனகோண்டா"ன்னு வீடியோ போடுறது எல்லாம் நம்ம மலைப்பாம்பு. விஷம் இல்லாதது, எலி, முயல், பறவைன்னு சாப்ட்டு வாழுறது, மனுஷன தேடி வராது. அத அடிச்சுக் கொல்ற வீடியோவுல "மனுஷன முழுங்கிரும்"னு பின்னாடி குரல் கேக்கும்போது, அந்த மூணு வரி எழுத்து இன்னும் ஓடிட்டு இருக்குன்னுதான் எனக்கு தோணும்.

பெரிய பாம்ப நிஜமா அறிஞ்சவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. இருளர் சமுதாயத்த சேந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும் 2017ல அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுக்கு கூப்ட்டாங்க. அங்க சதுப்புக் காட்டுல பர்மிய மலைப்பாம்பு வெளிய இருந்து வந்து பெருகி, முயல், ரக்கூன் எல்லாம் அழிஞ்சுட்டு இருக்கு. பாம்பு ஆயிரக்கணக்குல இருந்தும் அங்க உள்ளவங்க கண்ணுக்கு சிக்கல. இவங்க ரெண்டு பேரும் புல்லுல படிஞ்ச தடம், எச்சம், வெயில் காயுற இடம்னு பாத்துப் போய் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள 13 புடிச்சாங்க, அதுல ஒண்ணு 16 அடி பெண் பாம்பு. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. படத்துல பாம்பு ஆள துரத்திட்டே வருது. ஃப்ளோரிடாவுல 16 அடி பாம்ப கண்டுபிடிக்கவே ஆள் தேடி கடல் தாண்டி வர வேண்டியிருந்துச்சு.

மலைப்பாம்பு 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, கொன்னா 3ல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். வீட்டுப் பக்கமோ கொட்டகையிலயோ வந்துச்சுன்னா ஆளுங்களையும் ஆடு கோழியையும் தள்ளி வெச்சுட்டு, தூரத்துல இருந்து ஒருத்தர் மட்டும் அது எங்க போகுதுன்னு பாத்துட்டு இருங்க, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் பண்ணுங்க. வாலப் புடிச்சு இழுக்காதீங்க, விஷம் இல்லன்னாலும் பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், கடிச்சா காயம் ஆழமா கிழியும். இரை முழுங்கி வயிறு புடைச்சு கிடந்தா கல்லெறிஞ்சு, கம்பால குத்தி கக்க வைக்காதீங்க, திரும்ப கக்கும்போது பாம்புக்கு காயமாகும்.